பைக்கின் ஆயில் டிரெயின் போல்ட் கழலவே மாட்டேன் என்கிறது. நீளமான குழாயைச் செருகி அழுத்தலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: முதல் முறையாக நீங்களே ஆயில் மாற்ற உட்கார்ந்தீர்கள், என்ஜினின் அடியில் பழைய ஆயிலை வடிக்க வைத்திருக்கும் போல்ட் அசையவில்லை, ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியதில் போல்ட் தலையின் ஓரங்கள் லேசாக மழுங்கிவிட்டன. இனி ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி மிதிக்கலாமா என்று யோசிக்கிறீர்கள்.

குழாயைக் கீழே வையுங்கள். எந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் முதன்முதலில் ஆயில் மாற்றியபோது முக்கால் மணி நேரம் அந்த போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். போல்ட்டின் தலை தரையைப் பார்த்தபடி இருக்கிறது. நாமோ வண்டியின் பக்கத்தில் குந்தி, மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் அடியில் விடுகிறோம். அந்த நிலையில் கண்ணுக்கு எது கழற்றும் திசையாகப் படுகிறதோ, அது உண்மையில் இறுக்கும் திசை. சந்தேகமாக இருந்தால் ஒரு காலி பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மேலிருந்து பார்த்தபடியே மூடியைத் திறந்து பாருங்கள். உங்கள் கை, கடிகார முள் போகும் பக்கமாகத்தான் சுற்றும். தரையில் படுத்து போல்ட் தலையை நேருக்கு நேர் பார்த்தால் குழப்பமே இல்லை: முள் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம்.

திசை சரிதான், ஆனாலும் அசையவில்லை என்றால் மேலே படியுங்கள்.

பெரும்பாலும் இந்த போல்ட் துருவால் பிடித்துக்கொள்வதில்லை. அதன் மரைகள் (திருகு வரிகள்) ஆண்டு முழுவதும் ஆயிலில் ஊறுகின்றன, அங்கே துரு எப்படி வரும்? முன்பு ஆயில் மாற்றியவர் கைப்பலம் முழுவதையும் காட்டி இறுக்கியிருப்பார். அல்லது பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பார், அது நசுங்கிப்போனதால் கசிந்திருக்கும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்கியிருப்பார். பிடிப்பின் பெரும்பகுதி மரையிலும் தலைக்கு அடியில் வாஷர் உட்காரும் இடத்திலும்தான். துரு நீக்கும் திரவத்தைப் பீய்ச்சி அடித்துவிட்டு இரவு முழுக்கக் காத்திருக்கச் சொல்வார்கள். சேறும் உப்புநீரும் பட்டு வெளிப்பக்கம் அரித்துப்போன வண்டி என்றால் அது உதவும். மற்றபடி எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

அடுத்து கருவி. திறந்த வாய் ஸ்பேனர் போல்ட் தலையின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கிறது, வாய் கொஞ்சம் விரிந்தாலும் வழுக்கி மூலைகளைச் சீவிவிடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் அதைவிடப் பரவாயில்லை. ஆனால் இந்த வேலைக்குச் சரியானது ஆறு முனை சாக்கெட், அதாவது போல்ட் தலையின் மேல் தொப்பிபோல் இறங்கும் குழல். அது தலையின் ஆறு பட்டைகளையும் அணைத்துப் பிடிக்கும். அளவு துல்லியமாக இருக்க வேண்டும்: சாக்கெட்டை மாட்டிவிட்டு விரலால் ஆட்டிப் பாருங்கள், தளர்வாக ஆடினால் அது உங்கள் அளவு இல்லை. போல்ட் தலையைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண்ணையும் பழைய கிரீஸையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள். அழுக்குக்கு மேல் சாக்கெட் பாதிதான் இறங்கும், பாதி இறங்கிய சாக்கெட் மூலைகளைத்தான் தின்னும்.

வேலை தொடங்கும் முன் மேலே ஆயில் ஊற்றும் மூடி திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கீழே வடித்துவிட்டு மேலே ஊற்ற முடியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியே இது டிரெயின் போல்ட்தானா என்பதை வண்டியின் கையேட்டில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். என்ஜின் அடியில் இருப்பதெல்லாம் ஆயிலுக்கானது அல்ல. சில வண்டிகளில் அது போல்ட்டாகவே இருக்காது, உள்ளே ஸ்பிரிங்கும் சல்லடையும் வைத்த பெரிய மூடியாக இருக்கும். அதைக் கழற்றும்போது ஸ்பிரிங் துள்ளி வந்து வடியும் ஆயிலுக்குள் விழும்.

இனி கழற்றுவோம். வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், தொட்டால் சுடும் அளவுக்கு வேண்டாம், வெதுவெதுப்பு போதும். கிரான்க் கேஸ், அதாவது போல்ட் ஏறியிருக்கும் என்ஜின் கூடு, அலுமினியம்; போல்ட் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால் மரைப் பிடி கொஞ்சம் இளகும். ஆயிலும் இளகி நன்றாக வடியும். பிறகு சாக்கெட்டை முழுதாக இறக்கி, ஒரு கையால் அதைப் போல்ட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நீண்ட கைப்பிடியை இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பது நல்லது: திடீரென்று கழலும்போது விரல் முட்டி சைலன்சரில் போய் மோதாது. வண்டி சென்டர் ஸ்டாண்டில் இருந்தால் அதை முன்னோக்கி உருட்டிவிடும் திசையில் இழுக்காதீர்கள். ஸ்டாண்டு மடங்கி வண்டி மேலே சாய்ந்தால் போல்ட் உங்கள் கவலையாகவே இருக்காது.

மெதுவாக அழுத்திக்கொண்டே போவதைவிட, கைப்பிடியின் நுனியில் ரப்பர் சுத்தியலால் குறுகிய அடி கொடுப்பது நல்ல பலன் தரும். அதற்கு முன் போல்ட் தலையின் நடுவில் பித்தளைத் துண்டு வைத்து இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள், வாஷரின் பிடி விடும். கழலும் கணத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் போதும், மிச்சத்தை விரலாலேயே சுழற்றலாம்.

இப்போது உங்கள் குழாய். பல பைக்குகளில் இந்த போல்ட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். அது எவ்வளவு என்றால், 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தொங்கவிடும் அளவு. ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 50 கிலோ ஆள் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 500 நியூட்டன் மீட்டர். திசை தவறாக இருந்துவிட்டால் அந்த விசைக்கு அலுமினிய மரை பிய்ந்து வந்துவிடும், சரியாக இருந்தாலும் மழுங்கிய தலை முழுக்க உருண்டுபோகும். கைப்பிடியை 40, 50 சென்டிமீட்டர் வரை நீட்டுவது நியாயம். அதற்கு மேல் போகாதீர்கள்.

தலை ஏற்கெனவே உருண்டுவிட்டால், உள்ளே சுருள் பற்கள் உள்ள போல்ட் கழற்றும் சாக்கெட் இருக்கிறது, தலையில் சுத்தியலால் அடித்து இறக்கினால் திருப்பத் திருப்பக் கடித்துப் பிடிக்கும். அது இல்லையென்றால், சற்றுச் சிறிய சாக்கெட்டை அடித்து ஏற்றிப் பார்க்கலாம். கடைசி வழி, தலையின் ஓரத்தில் கூர் உளியை வைத்து ஒரு வெட்டு விழச் செய்து, கழலும் திசையில் சாய்த்து அடிப்பது. அழகாக இருக்காது, ஆனால் பெரும்பாலும் வந்துவிடும். இந்தக் கட்டத்தில் போல்ட்டைக் காப்பாற்றும் எண்ணம் வேண்டாம், புதியது வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். போல்ட்டைச் சூடாக்கலாம் என்று தீயை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள், மேலே பெட்ரோல் டாங்க் இருக்கிறது.

இதெல்லாம் உங்களால் ஆகாது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். இறுக்கமாக இருக்கும் போல்ட்டால் வண்டி ஓடாமல் போய்விடாது. ஊற்றும் துளை வழியாகக் கைப் பம்ப்பால் ஆயிலை உறிஞ்சி மாற்றினால் முழுதும் வராது, ஆனால் கருவியுள்ள ஒருவரிடம் கொண்டுபோகும்வரை தாங்கும்.

கழன்றதா? பழைய வாஷர் போல்ட்டிலோ, கேஸின் வாயிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள். இரண்டு வாஷர் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தால் கட்டாயம் கசியும். போல்ட்டை முதலில் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே அடிவரை திருகுங்கள். இடையில் முட்டினால் மரை மாறி ஏறுகிறது, கழற்றி மறுபடி போடுங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் கையேட்டு அளவு வரை இறுக்குங்கள். இல்லையென்றால் போல்ட் வாஷரில் உட்கார்ந்தபின், குட்டை ஸ்பேனரை நடுவில் பிடித்து, வாஷர் நசுங்குவது கையில் தெரியும் வரை மட்டும். ஆயில் ஊற்றி என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, டார்ச் அடித்து அடியில் பாருங்கள். போல்ட்டின் விளிம்பில் சொட்டு திரண்டால் இன்னும் துளி இறுக்குங்கள்.