பூச்சி ஓவியத் தாளும் அதன்மேல் உள்ள பாடல்களும்

வணக்கம். தாங்கள் வாங்கிய ஜப்பானிய அச்சுத் தாளில் பூச்சிகளுக்கு மேலே உள்ளவை ஹைக்கூதானா, நடுவில் செல்லும் கோடு சேதமா, அதை வரவேற்பறைச் சன்னலருகே மாட்டலாமா எனக் கேட்டிருந்தீர்கள்.

தாங்கள் தரும் விவரிப்பு, ஜப்பானிய ஓவியர் உத்தமாரோ வரைந்து, பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோ 1788இல் வெளியிட்ட பூச்சி நூலை நினைவூட்டுகிறது. அப்படியானால் அவை ஹைக்கூ அல்ல, கியோக்கா என்னும் நகைச்சுவைப் பாடல்கள். ஹைக்கூவுக்கு 17 அசை. கியோக்காவுக்கோ பழைய வாக்கா செய்யுளைப் போலவே 5-7-5-7-7 என 31 அசை. செவ்வியல் யாப்பின் கம்பீரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அன்றாடப் பேச்சையும் சிலேடையையும் அதனுள் நுழைப்பதே அதன் சுவை. அந்நூலில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பாடல்கள். பூச்சிகளை முன்னிறுத்திக் காதலைப் பாடுபவை. ஆகவே பாடல்களைப் படிக்காமல் படத்தை மட்டும் ரசிப்பது பாதி இன்பமே என்பது என் உறுதியான எண்ணம்.

நடுக்கோடு நூலின் இரு பக்கங்கள் சந்தித்த இடமாகவே இருக்கும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். தாள் அக்காலத்து அசல்தானா என அறிய, உருப்பெருக்கியில் பாருங்கள்; சீரான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. மரக்கட்டை அச்சாயின் பெரும்பாலும் பின்புறத்தில் வண்ணம் ஊறியிருக்கும். ஆயினும் பிற்கால மறுபதிப்புகளிலும் அவ்வாறே இருக்குமாதலால், அருங்காட்சியகப் பிரதிகளின் படங்களோடு கோடு கோடாக ஒப்பிடுங்கள்.

சன்னலருகே மட்டும் மாட்டாதீர்கள். அக்காலத்துத் தாவர நீலம் வெளிச்சத்தில் வெளிறிவிடும்.