மீட்ட மாடுகளின் தொழுவம்: கேள்வி பதில்

கேள்வி: அடிமாட்டு லாரியில் இருந்து மீட்ட எட்டு மாடுகள் எங்கள் தோட்டத்துக்கு வருகின்றன. முதல் நாள் என்ன போடலாம்?

பதில்: தண்ணீர், சோளத்தட்டு அல்லது வைக்கோல். அவ்வளவுதான். மெலிந்திருக்கிறதே என்று தவிட்டையும் மக்காச்சோள மாவையும் அள்ளி வைக்காதீர்கள்; பட்டினி கிடந்த வயிறு தாங்காது. பழைய மாடுகளோடு சேர்க்காமல் 21 நாள் தனியாகக் கட்டுங்கள். வாளி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தனி. பழைய மாடுகளைக் கவனித்து முடித்த பிறகே இவற்றிடம் போக வேண்டும். குடற்புழு மருந்தை எடைக்கு ஏற்பக் கொடுங்கள். காய்ச்சல் இருக்கும் மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போடச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி, ஐயா?

பதில்: 300 கிலோ எடையுள்ள, கறவை இல்லாத மாட்டுக்குப் பசுந்தீவனம் 15 கிலோ, உலர்தீவனம் 5 கிலோ. தண்ணீர் 40 முதல் 60 லிட்டர். கோடையில் இன்னும் கூடும். பல் தேய்ந்த கிழட்டு மாட்டுக்குத் தட்டைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து வையுங்கள். பூக்காத இளஞ்சோளப் பயிரும், வறட்சியில் வாடிய சோளமும் வேண்டாம். அதில் சயனைடு நஞ்சு இருக்கும்.

கேள்வி: பிறந்தநாளுக்கு மாடுகளுக்குப் பொங்கல் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். வெந்த அரிசி மாட்டின் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அசை போடுவது நிற்கும். புளித்த வாடையோடு கழியும். இடது வயிற்றைத் தட்டினால் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கும். பிறகு மாடு படுத்துவிடும், ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். ஒருவர் ஒரு கவளம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் ஆளுக்கொரு தட்டு நீட்டுவதுதான் ஆபத்து. அந்தப் பணத்துக்கு ஒரு கட்டு பசும்புல் வாங்கி வாருங்கள்.

கேள்வி: எழவே முடியாமல் கிடக்கும் மாட்டை எப்படிப் பார்ப்பது?

பதில்: இதில்தான் பலர் தவறுகிறார்கள். மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பும். வைக்கோல் திணித்த சாக்கு மூட்டைகளை முட்டுக் கொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். சிமெண்ட் தரை கூடாது. முக்கால் அடிக்கு மணல் பரப்பி மேலே வைக்கோல். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும்தான், பக்கம் மாற்ற வேண்டும். உடம்பின் முழுப் பாரமும் அடிப்பக்கத் தொடையில் இறங்குவதால், மாற்றாவிட்டால் அந்தச் சதை செத்துவிடும். அப்புறம் மாடு எழாது. வாயில் மருந்து ஊற்றும்போது நாக்கை வெளியே இழுக்காதீர்கள், தலையை ரொம்ப அண்ணாத்தாதீர்கள். மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மீட்ட காளைக்கு மூக்கணாங்கயிறு எதற்கு? வந்ததும் அறுத்துவிட வேண்டாமா?

பதில்: பசுவுக்கும் சாதுவான எருதுக்கும் தலைக்கயிறு பழகியதும் அறுக்கலாம். பெரிய காளைக்கு உடனே அறுக்க வேண்டாம். நைலான் கயிறாக இருந்தால் மட்டும் அன்றே பருத்திக் கயிறாக மாற்றுங்கள்; நைலான் மூக்கை அறுக்கும்.

கேள்வி: மீட்பு என்று சொல்லிவிட்டு மூக்கில் கயிறா? எங்கள் காளை கயிறே இல்லாமல் சாதுவாக நிற்கிறது.

பதில்: ஊசி போடும் வரைக்கும் நிற்கும். 400 கிலோ காளை தலையைத் திருப்பினால் தலைக்கயிற்றைப் பிடித்திருப்பவர் சுவரோடு போய்விடுவார்.

கேள்வி: வலியால் அடக்குவது அடக்குமுறைதானே?

பதில்: ஆமாம், மறுக்கவில்லை. அதற்கு மாற்று, கால்நடை மருந்தகத்தில் மாட்டை உள்ளே நிறுத்தி அசையாமல் பிடிக்கும் டிராவிஸ் என்ற இரும்புச் சட்டகம். அதைத் தொழுவத்தில் நட்டு, தினமும் அதன் வழியே தீனிக்கு நடத்திப் பழக்குங்கள். பழகிய பிறகு கயிற்றை அறுங்கள், நானே கைதட்டுகிறேன். சட்டகமும் இல்லை, கயிறும் இல்லை என்றால் உங்கள் வேலையாள்தான் குத்து வாங்குவார்.

கேள்வி: சர்க்கரைப் பொங்கல்?

பதில்: மேலே பொங்கலுக்குச் சொன்னதைப் படியுங்கள். சர்க்கரை சேர்த்தால் இன்னும் மோசம்.

கேள்வி: வாழைப்பழத் தோல்?

பதில்: தரலாம். பிளாஸ்டிக் பையோடு வீசாமல் இருந்தால் சரி.

கேள்வி: மாடு இறந்தால்?

பதில்: ஆறடிக்குக் குறையாத குழி, சுண்ணாம்பு, கிணற்றுக்குத் தள்ளி. திடீரென இறந்து மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் வடிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். கால்நடை மருத்துவர் வரும்வரை யாரும் தொடக் கூடாது. மாடு உயிரோடு இருக்கும்போதும் வலிக்கு டைக்ளோபினாக் ஊசி வேண்டாம். பிணத்தைத் தின்னும் கழுகுகள் சாவதால் 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்த மருந்து அது. மெலாக்சிகாம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, வெண்பொங்கல் என்றால்?

பதில்: நீங்கள் சாப்பிடுங்கள்.