கொலையாளியை எப்போது காட்டுவது? ஹிட்ச்காக்கின் 'ஃப்ரென்ஸி'

வணக்கம் ஐயா,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ஃப்ரென்ஸி' (1972) பார்த்தோம். சுமார் அரைமணி நேரத்திலேயே கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு என்ன சுவாரஸ்யம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆனால் கேமரா மாடியிலிருந்து பின்னோக்கி இறங்கித் தெருவுக்கு வரும் அந்த ஷாட் எல்லோரையும் கட்டிப்போட்டுவிட்டது. நாங்கள் 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். கொலைகாரனைக் கடைசி நிமிடம் வரை மறைத்துவைத்து, நடுவில் அப்படி ஒரு ஷாட் வைக்க ஆசை. கையில் இருப்பது ஒரு கேமராவும் கிம்பலும் (கேமரா ஆடாமல் தாங்கும் கருவி)தான். எப்படி எடுப்பது?

கே., கோவை

அன்புள்ள கே.,

எடுக்கும் முறையைச் சொல்கிறேன். ஆனால் அந்த ஷாட்டும் வேண்டும், கொலைகாரனையும் கடைசிவரை மறைக்க வேண்டும் என்றால் நடக்காது. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அது உலுக்குகிறது. தெரியாவிட்டால் அது காரணமில்லாமல் பின்னால் நகரும் கேமரா, அவ்வளவுதான்.

படத்தில் அதற்கான அஸ்திவாரம் எங்கே போடப்படுகிறது என்று பாருங்கள். கொலைகாரன் ரஸ்க் லண்டன் கோவென்ட் கார்டன் சந்தையில் பழ வியாபாரி, எல்லோருக்கும் இனியவன். பழி விழும் பிளேனியோ சிடுமூஞ்சி, குடிகாரன். நாம் நேரில் பார்க்கும் முதல் கொலை, பிளேனியின் முன்னாள் மனைவி பிரெண்டாவின் கொலை, நீளமாக, ஒளிவுமறைவின்றிக் காட்டப்படுகிறது. தேவைக்கு மேல் கொடூரமான காட்சி அது. அதன்மேல் வந்த கண்டனங்கள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு முறை பார்த்ததுதான் படம் முழுக்க நம்முடன் வருகிறது. அதன்பின் ரஸ்க் சிரித்தாலும் உதவிக்கு வந்தாலும் வயிற்றைப் பிசைகிறது. இரண்டாவது கொலையைக் காட்டவே தேவையில்லை.

அந்த ஷாட் படியில் தொடங்கவில்லை. மதுக்கடை வேலையை உதறிவிட்டு பிளேனியின் காதலி பாப்ஸ் கோபமாக வெளியே வருகிறாள். முகம் அண்மையில். சந்தை இரைச்சல் முழுதாக அடங்குகிறது. அவளுக்குப் பின்னாலிருந்து ரஸ்கின் குரல்: தங்க இடம் இருக்கிறதா? அவள் திரும்பியதும் சத்தம் மீண்டும் வருகிறது. பிறகு இருவரும் சந்தை வழியாக நடந்து அவன் வீட்டு மாடி ஏறுகிறார்கள், கேமராவும் கூடவே ஏறுகிறது. பிரெண்டாவைக் கொல்வதற்கு முன் அவளிடம் சொன்ன அதே வாக்கியத்தைக் கதவருகே இவளிடமும் சொல்கிறான். கதவு மூடுகிறது. கேமரா நிசப்தத்தில் பின்வாங்கிப் படியிறங்கி, நடைவழி கடந்து, வாசல் தாண்டி, தெருவின் எதிர்ப்புறம்வரை போகிறது. இசை கிடையாது, சந்தைச் சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. இனி அவள் அலறினாலும் கேட்காது என்பதைச் சொல்வது அந்தச் சத்தம்தான்.

இது இரண்டு துண்டு. படிக்கட்டு பைன்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட், வாசலும் தெருவும் நிஜமான ஹென்ரியெட்டா தெரு. உருளைக்கிழங்கு மூட்டை சுமந்த ஒரு ஆள் வாசலுக்குக் குறுக்கே போகும்போது கட், அதாவது இரண்டு துண்டும் ஒட்டும் இடம், ஒளிந்துகொள்கிறது. சந்தையில் மூட்டை தூக்குபவனை யாரும் சந்தேகிப்பதில்லை. உங்கள் தெருவிலும் இயல்பாகக் குறுக்கே போகக்கூடிய ஆளையே தேர்ந்தெடுங்கள்.

இனி உங்கள் படப்பிடிப்பு. குறுக்கே போகும் ஆள் லென்ஸிலிருந்து ஒரு கை தூரத்துக்குள் கடக்க வேண்டும், நான்கைந்து ஃபிரேமாவது திரையை முழுதாக மறைக்க வேண்டும். தோளில் மூட்டையோ அட்டைப்பெட்டியோ இருந்தால் தலைக்கு மேல் இடைவெளி தெரியாது. இரண்டு துண்டிலும் லென்ஸ், உயரம், ஆள் போகும் திசை, நடை வேகம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். பெரும்பாலும் கெடுவது கேமராவின் வேகம்தான். முதல் துண்டின் முடிவில் கேமராமேன் தன்னையறியாமல் தயங்குவார், கட் உடனே தெரிந்துவிடும். ஆள் கடந்த பிறகும் மூன்று நான்கு அடி தொடர்ந்து போகச் சொல்லுங்கள். இரண்டாவது துண்டையும் அதேபோல முன்னதாகவே நகரத் தொடங்கி எடுங்கள்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். உச்சி வெயிலில் எடுத்தால் உள்ளே இருட்டும், வெளியே வெளுத்துப்போகும். மேகமூட்டமான நாளோ, சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணி நேரமோ நல்லது. கேமராவில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் வாசலைத் தாண்டும் கணத்தில் படம் மின்னி அடங்கும். பின்னோக்கிப் படியிறங்குபவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஒருவர் பின்னாலிருந்து அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து வழிகாட்ட வேண்டும். கிம்பல் சாய்வைச் சரிசெய்யும், காலடியின் குதிப்பைச் சரிசெய்யாது. முழங்கால் மடக்கி இறங்கப் பழகட்டும். 24 எம்எம் போன்ற அகல லென்ஸில் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்: மாடிக் கதவருகே, படியில், நடைவழியில், தெருவில், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். கேமராவோடு வந்த ஒலியைப் பயன்படுத்தினால் உங்கள் மூச்சும் செருப்புச் சத்தமும்தான் கேட்கும்.

நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். தெரிந்த பிறகு என்ன சுவாரஸ்யம்? உருளைக்கிழங்கு லாரி காட்சியே பதில். பாப்ஸின் உடல் மூட்டைக்குள். ரஸ்கின் டை பின் அவள் கையில் சிக்கியிருக்கிறது. படத்தில் அவன் அதைக் கொண்டு பல் குத்துவதை முன்பே பார்த்துவிட்டோம், அதனால் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓடும் லாரியில் அவன் மூட்டையைக் கிளறுகிறான், விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக உடைக்கிறான். கிடைத்துவிட வேண்டுமே என்று நாமும் பதறுகிறோம், ஒரு கொலைகாரனுக்காக. ஒரு சின்ன வேலை, ஒரு தடை, குறைந்த நேரம்: இவற்றைக் கொடுத்தால் பார்ப்பவர் மனம் யார் பக்கமும் சாயும். 'சைக்கோ'வில் (1960) கொலையை மறைக்கச் சேற்றில் தள்ளிய கார் அமிழும்போது ஒரு கணம் நின்றுவிடும்போது மூச்சுப் பிடிப்பதும் இதே காரணத்தால்தான். பிறகு இன்ஸ்பெக்டர் இந்த விரல் விஷயத்தைச் சாப்பாட்டு மேசையில் விவரிக்க, அவர் மனைவி ரொட்டிக் குச்சியை மடக்கென்று ஒடிக்கிறாள். வெறும் போலீஸ் தகவலாகப் போயிருக்க வேண்டிய காட்சி நம் எலும்பில் இறங்குகிறது.

ஹிட்ச்காக் இந்த முறையைப் பல வருடங்களுக்கு முன்பே பிரிட்டனில் பழகிவிட்டார். 'சபோடாஜ்' (1936) படத்தில் சிறுவன் பிலிம் டப்பாக்களோடு வெடிகுண்டையும் தெரியாமல் சுமந்து போகிறான். 1.45-க்கு வெடிக்கும் என்று நமக்குத் தெரியும். தெரு வியாபாரி நிறுத்துகிறான், ஊர்வலம் நிறுத்துகிறது, பஸ் நெரிசலில் நிற்கிறது. தீப்பற்றும் பிலிமை ஏற்றக்கூடாது என்று கண்டக்டர் தடுத்து, பிறகு இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்கிறார். குண்டு வெடிக்கிறது. சிறுவனைக் கொன்றது தவறு என்று ஹிட்ச்காக்கே பின்னால் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சாவு இல்லாமல், குண்டைக் கொடுத்தனுப்பிய கணவன் எதிரே சிறுவனின் அக்காள் சாப்பாட்டு மேசையில் கத்தியை எடுக்கும் காட்சிக்கு உயிர் ஏது?

உங்கள் திரைக்கதையில் கொலைகாரன் தெரியவரும் பக்கத்தை மூன்றாம் நிமிடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி முழுதாகப் படியுங்கள். அதன்பின் எந்தக் காட்சியெல்லாம் தொய்கிறதோ, அவை பெயரை ஒளித்துவைக்க மட்டுமே எழுதப்பட்டவை. அவற்றை வெட்டிவிட்டு, மிச்சமாகும் நிமிடங்களை அந்தக் கதவுக்கு முந்தைய நடைக்குக் கொடுங்கள்.