பரிணாமத்தை ‘வெறும் கொள்கைதான்’ என்று அரசியல்வாதிகள் சொன்னால் மக்கள் ஏன் தலையாட்டுகிறார்கள்?

ஏதோ தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துக் கொதித்துப்போய்க் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதிப் பழி என்னைப் போன்ற அறிவியல் ஆசிரியர்களுக்குத்தான்.

பத்தாம் வகுப்புக்கு டார்வினை நடத்திய வாரம், ஒரு மாணவனின் அப்பா வந்தார். சண்டைக்கு வரவில்லை. புத்தகத்தை என் மேசையில் விரித்து, ‘டார்வின் கொள்கை’ என்ற தலைப்பின் மேல் விரலை வைத்தார். “இது அவர் கொள்கை சார். எங்கள் குடும்பத்துக்கு வேறு கொள்கை. பரீட்சைக்கு எழுது, நம்பாதே என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.”

சிரிப்பு வந்தது. பிறகுதான் அந்தத் தலைப்பைப் பார்த்தேன். கட்சிக்கும் கொள்கை, டால்டனின் அணுவுக்கும் கொள்கை. அவர் மேல் என்ன தவறு?

என் பதில்தான் கேவலம். “நிரூபித்துவிட்டால் விதியாகிவிடும்” என்றேன். கருதுகோள், கொள்கை, விதி என்று கரும்பலகையில் பல ஆண்டுகள் படிக்கட்டு வரைந்தவன் நான். அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது. விதி, நடப்பதைச் சொல்லும். கோட்பாடு, அதாவது பாடநூல் ‘கொள்கை’ என்று எழுதுவது, அது ஏன் நடக்கிறது என்று விளக்கும். புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) கூடுதலாக நகர்வதற்கு நியூட்டனின் விதியில் கணக்கு இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் ‘வெறும்’ கோட்பாடுதான் கணக்குக் காட்டியது.

அரசியல் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது. 2002இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், காப் கவுன்டி பள்ளிப் புத்தகங்களில் ‘பரிணாமம் ஒரு கோட்பாடு, உண்மையல்ல’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 2005இல் நீதிமன்றம் அகற்றச் சொன்னது. 2018இல் நம் மத்திய இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை என்றார்.

உடனே எனக்குக் கட்சிச் சாயம் பூச வராதீர்கள். சோவியத் நாட்டில் ஸ்டாலின் ஆட்சியில், மரபியலை மறுத்த வேளாண் அறிவியலாளர் லைசென்கோவின் பேச்சு அரசின் கொள்கையே ஆனது. மரபியலுக்காக வாதாடிய தாவர அறிவியலாளர் வவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சிறையிலேயே இறந்தார். ‘கொள்கை’ என்ற நம் சொல்லின் இரண்டு பொருளும் அங்கே ஒன்றாகிவிட்டன.

‘கோட்பாடு’ என்று மாற்றும்படி பாடநூல் தயாரிப்பவர்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். மூன்று நகல்கள் இல்லை என்று திரும்பி வந்தது. சொந்தச் செலவில் நகல் எடுத்து மறுபடி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் மாறியது அட்டைப்படம் மட்டும்தான்.