எச்-4 விசாவில் வந்த அம்மா பள்ளியில் உதவப் போகலாமா?

கேள்வி இதுதான்: கணவருக்கு எச்-1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த குடும்ப விசாவான எச்-4. மகள் கலிபோர்னியாவில் அரசுப் பள்ளியில் செகண்ட் கிரேடு சேர்ந்திருக்கிறாள். வகுப்பில் உதவ யாராவது வர முடியுமா என்று டீச்சர் மெயில் போட்டிருக்கிறார். போனால் விசாவுக்குச் சிக்கல் வருமா, எதிலிருந்து தொடங்குவது?

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மற்ற பெற்றோர் காசு வாங்காமல் செய்கிற வேலையை நீங்களும் காசு வாங்காமல் செய்தால் பிரச்சினை இல்லை. வாசிக்க உட்கார வைப்பது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, ஃபீல்டு ட்ரிப்புக்குத் துணை போவது எல்லாம் இந்த வகை. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். மதிய இடைவேளையில் மைதானத்தில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் யார்டு டூட்டி, பல பள்ளிகளில் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் தரும் வேலை. ஆள் கிடைக்காத நாளில் ஆபீஸில் உங்களையே கேட்பார்கள். வேலை அனுமதி அட்டை கையில் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். "சம்பளம் வேண்டாம், சும்மா செய்கிறேன்" என்பதும் வழியல்ல. வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது அனுமதியில்லாத வேலை என்ற கேள்வி எழலாம்.

அடுத்து காகிதங்கள். ட்ரிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆபீஸுக்கு ஓடி, "உங்கள் க்ளியரன்ஸ் இன்னும் வரவில்லை" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் நம்மவர்களில் நிறைய. பள்ளியை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் வாலன்டியர் விண்ணப்பம் இருக்கும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பல இடங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பாலியல் குற்றப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். டீச்சர் பார்வையில் இல்லாமல் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய வேலை என்றால், உதாரணமாக இரவு தங்கும் ட்ரிப் அல்லது விளையாட்டுப் பயிற்சி, லைவ் ஸ்கேன் என்ற கைரேகைப் பதிவும் கேட்பார்கள். ஓட்டுநர் உரிமம் இன்னும் வாங்கவில்லையென்றால் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களைச் சுற்றவிடுவது டிபி சான்றிதழ்தான். பிள்ளைகளோடு அடிக்கடியோ நீண்ட நேரமோ இருக்கும் வாலன்டியருக்குக் காசநோய் அபாயம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். டாக்டரோ நர்ஸோ ஒரு கேள்வித்தாளை வைத்துக் கேட்பார். காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவரா, வாழ்ந்தவரா என்று அதில் ஒரு கேள்வி. நமக்கு "ஆம்" தான். ஆகவே பரிசோதனை உண்டு. இங்கே ஒரு வார்த்தை கேட்டு வாங்க வேண்டும்: தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறை வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லுங்கள். குவான்டிஃபெரான் என்றால் புரிந்துகொள்வார்கள். நமக்குக் குழந்தையிலேயே காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருப்பதால், நோய்க்கிருமி உடம்பில் இல்லாவிட்டாலும் தோல் சோதனையில் கை வீங்கி பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, மறுபடி டாக்டர் என்று மாதம் ஓடும். ரத்தப் பரிசோதனையை பிசிஜி குழப்பாது. தோல் சோதனைக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்டத் திரும்பப் போக வேண்டும்; ரத்தப் பரிசோதனைக்கு ஒரே நடைதான். ரத்தத்திலும் பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்து, பரவும் நிலை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும். சான்றிதழை நான்கு ஆண்டுகள் வரை ஏற்பார்கள். மூலப் பிரதியை ஆபீஸில் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.

இனி வேலை. எதற்கு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று டீச்சருக்கு எழுதினால் பதில் வராது. உங்களுக்கு வேலை யோசித்துக் கொடுப்பதே அவருக்கு இன்னொரு வேலை. "செவ்வாய்க்கிழமை 9 முதல் 10 வரை, வாராவாரம் வர முடியும்" என்று எழுதுங்கள். மூன்று பெரிய விழாக்களுக்கு ஓடியாடுவதைவிட வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் வருபவர்தான் அவருக்குப் பெரிய உதவி. பெரும்பாலும் வாசிக்க வைக்கச் சொல்வார். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் உடனே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பாதிப் பிள்ளைகள் அதற்குள் தாங்களே சொல்லிவிடுவார்கள். உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, வாசிக்கப் போவது பிள்ளைதான்.

லேமினேட் செய்த அட்டைகளை வெட்டித் தரச் சொன்னால் காகிதத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டக் கூடாது. சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விட வேண்டும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் பிரிந்துவிடும். ஃபீல்டு ட்ரிப்புக்கு உங்கள் காரில் மற்ற பிள்ளைகளை ஏற்றுவதானால் காப்பீட்டுத் தாளைக் கேட்பார்கள். டிஸ்ட்ரிக்ட் கேட்கும் தொகை நீங்கள் எடுத்திருப்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், பாலிசியைப் பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள். எட்டு வயதுக்குக் கீழே, உயரம் நான்கடி ஒன்பது அங்குலம் எட்டாத பிள்ளைக்கு பூஸ்டர் சீட் கட்டாயம். செகண்ட் கிரேடில் எட்டு வயது ஆகாத பிள்ளைகள் பலர் இருப்பார்கள்! ட்ரிப்புக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதையும் முன்கூட்டி யோசியுங்கள்.

உள்ளே போனதும் ஆபீஸில் கையெழுத்து, சட்டையில் பேட்ஜ், கிளம்பும்போது மறுபடி கையெழுத்து. பிள்ளைகளின் கழிப்பறைக்குள் போகாதீர்கள். எந்தப் பிள்ளையோடும் கதவு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். யாராவது சேட்டை செய்தால் டீச்சரிடம் சொல்லுங்கள், நீங்கள் அதட்ட வேண்டாம். யார் வாசிக்கத் திணறுகிறார்கள், யாரைத் தனி வகுப்புக்கு அழைத்துப் போகிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். அது பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது. வாட்ஸப் குழுவில் ஒரு வரி கசிந்தால் அடுத்த முறை உங்களை அழைக்க மாட்டார்கள். மற்ற பிள்ளைகள் விழுந்த படத்தைப் பகிர்வதும் அப்படித்தான்.

தீபாவளி வரும்போது வகுப்பில் பேச ஆசை இருக்கும். மூன்று வாரம் முன்பே கேளுங்கள், இருபது நிமிடம் போதும். அரசுப் பள்ளி என்பதால் பண்டிகையைப் பற்றிச் சொல்லலாம், பூஜையோ பிரார்த்தனையோ செய்ய வைக்கக் கூடாது. நெருப்பு விளக்குக்குப் பதில் பேட்டரி விளக்கு. கலர்ச் சாக்பீஸால் புள்ளி வைத்துக் கோலம் போடச் சொன்னால் பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். வீட்டில் செய்த முறுக்கைப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. சேர்மானங்கள் அச்சிட்ட, பிரிக்காத பாக்கெட்தான். அதிலும் நட்ஸ் இல்லாதது. முந்திரி போட்ட எதையும் நினைக்கவே வேண்டாம்.

நம்மவர்கள் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு. அது பி.டி.ஏ. என்ற பெற்றோர்-ஆசிரியர் சங்கம் அல்ல. பி.டி.ஏ. பணம் திரட்டும், விழா நடத்தும். அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் சிறப்பு நிதியை எதற்குச் செலவிடுவது என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தருவது ஸ்கூல் சைட் கவுன்சில். தொடக்கப் பள்ளியில் அதில் பாதிப் பேர் பெற்றோர், பெற்றோரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். குடியுரிமை தேவையில்லை. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்டிவிடுவார்கள், உறுப்பினர் இல்லாவிட்டாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதியிருந்தால் மகளுக்கு ஆங்கிலத் திறனைப் பார்க்கும் எல்பாக் தேர்வு வைத்திருப்பார்கள். அதற்குப் பயந்து "ஆங்கிலம்" என்று எழுதச் சொல்லும் வாட்ஸப் ஆலோசனையைக் கேட்காதீர்கள். உதவி தேவைப்படுகிற பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகும். அந்தத் தேர்வில் ஆங்கிலம் கற்பவர் என்று வகைப்படுத்தப்பட்ட பிள்ளைகள் பள்ளியில் 21 பேரோ மேலோ இருந்தால் ஈலாக் என்ற பெற்றோர் குழு அமைத்தே ஆக வேண்டும். கூட்டத்துக்கு ஆள் வராமல் தவிக்கும் குழு இதுதான். இரண்டு கூட்டம் போனால் முதல்வருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும்.

கணவருக்கும் ஒரு சேதி. ஒரே இடத்தில் 25 பேரோ மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், பிள்ளையின் பள்ளி வேலைக்காக ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை, மாதம் 8 மணி நேரத்துக்கு மிகாமல், விடுப்பு எடுக்கக் கலிபோர்னியாச் சட்டம் இடம் தருகிறது. முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சம்பளத்தோடு தர வேண்டும் என்று இல்லை, கையிலிருக்கும் விடுப்பிலிருந்து கழிக்கலாம். நிறுவனம் ஆதாரம் கேட்டால் பள்ளி எழுதித் தரும். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவும் ஊழியர் வாலன்டியர் செய்த நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பள்ளியின் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பும். நேரத்தைக் கம்பெனித் தளத்தில் அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் பதிய வேண்டும், டிசம்பர் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.