நுண்ணுயிர்ப் பரிசோதனையில் தானியங்கிக் கருவிகள்: கேள்வி-பதில்

மருந்தில் கிருமி இல்லை என்று உறுதிசெய்யும் ஸ்டெரிலிட்டி டெஸ்டுக்கு 14 நாள் காத்திருக்கிறோம். தானியங்கிக் கருவி மட்டும் எப்படிச் சீக்கிரம் சொல்கிறது?

கிருமி அதே வேகத்தில்தான் வளர்கிறது. அதை முன்னதாகவே கண்டுகொள்கிறோம், அவ்வளவுதான். பழைய முறையில் ஊடகம் (கிருமியை வளர்க்கும் ஊட்டத் திரவம்) கலங்குவது கண்ணுக்குத் தெரியும்வரை பொறுக்க வேண்டும். இதிலோ, நுண்ணுயிர் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு பட்டு, குப்பியின் அடியிலுள்ள சென்சாரின் நிறம் மாறும். கருவி அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கும். ஈ.கோலை போன்றவை ஓரிரு நாளுக்குள் மாட்டிவிடும். ஆனால் தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் மாதிரி மந்தமானவை பல நாள் எடுக்கும். எத்தனை நாளில் 'நெகட்டிவ்' என்று கையெழுத்திடலாம் என்பதை இந்த மந்தமானவற்றை வைத்தே முடிவுசெய்யுங்கள். விற்பனையாளர் ஈ.கோலை வரைபடத்தைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள்!

ஏடிபி (உயிர்ச் செல்களின் ஆற்றல் மூலக்கூறு) ஒளிர்வு முறையில், கிருமி சேர்க்காத மாதிரிப்பொருளும் ஒளிர்கிறது. கருவிக் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஏடிபியைக் கொண்டு ஒளியை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதிக்கு, அந்த ஏடிபி யாருடையது என்று தெரியாது. பாலிலும் தாவரச் சாற்றிலும்கூட ஏடிபி உண்டு. முதலில் அதை நொதியால் அழித்துவிட்டு, அப்புறம்தான் நுண்ணுயிர்ச் செல்லை உடைக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் ஏமாறலாம்: பொருளின் நிறமும் அமிலத்தன்மையும் ஒளியை அமுக்கிவிடும். மாதிரியில் தெரிந்த அளவு ஏடிபியைச் சேர்த்து, எதிர்பார்த்த ஒளி வருகிறதா என்று பாருங்கள்.

செல்லுக்குச் சாயமேற்றி ஒளிரவைத்து எண்ணும் ஃப்ளோரசன்ஸ் கருவியில் வரும் எண்ணிக்கை, கிருமியை வளர்த்து எண்ணும் அகார் தட்டில் வருவதைவிட அதிகம். எதை நம்புவது?

இரண்டையும். ஒட்டிக்கிடக்கும் பத்து செல்கள் தட்டில் ஒரே காலனி (கண்ணுக்குத் தெரியும் கிருமிப் புள்ளி). சாயமோ தனிச் செல்லைக் காட்டும், உயிரிருந்தும் ஊடகத்தில் வளராததையும் காட்டும். பழைய வரம்பை அப்படியே புது எண்ணுக்குப் பொருத்தாதீர்கள்.

கருவி வந்ததும் நேரே மாறிவிடலாமா?

கூடாது. அமெரிக்க மருந்துநூலான யுஎஸ்பியின் 1223, ஐரோப்பிய மருந்துநூலின் 5.1.6 ஆகிய பகுதிகள் சொல்லும் சரிபார்ப்பை உங்கள் பொருளிலேயே செய்ய வேண்டும். கிருமி வளராமல் தடுக்கும் பதப்பொருள் சேர்ந்த கிரீம் என்றால் லெசித்தின், பாலிசார்பேட் 80 போன்றவற்றால் பதப்பொருளின் வீரியத்தை முறித்துவிட்டு, மிகக் குறைந்த அளவு கிருமியைச் சேர்த்து, அது மீண்டு வளர்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

கருவி 'நெகட்டிவ்' என்றால் பேட்ச் முழுக்கச் சுத்தம்தானே?

கணக்குப் போடுவோம். 100 குப்பிக்கு ஒன்று கெட்டிருக்கும் பேட்சில் 20 குப்பி எடுத்தால், கெட்டது கையில் சிக்கும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம்தான். கருவி எவ்வளவு வேகமானாலும் இந்த 18 மாறாது. பேட்சை வெளியே விடுமுன் நிரப்பும் அறையின் காற்றுப் பதிவையும் ஃபில்டர் சோதனை முடிவையும் சேர்த்தே பாருங்கள்.