அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைமடுவத்தில் வேலை. அம்மா 43 வயதில் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். இப்போது அம்மாவின் தங்கச்சிக்கு, 49 வயதில், சூலகத்தில் (முட்டை உண்டாகிற உறுப்பில்) புற்றுநோயாம், கண்டியில் மருந்து ஏற்றுகிறார்கள். அப்பாவின் அப்பாவும் வாயில் புற்று வந்துதான் செத்தார். "அது அந்த வீட்டு ரத்தத்துல இருக்கு" என்று லயம் முழுக்கப் பேச்சு. தங்கச்சிக்கு வந்த சம்பந்தமும் அதோடு நின்றுவிட்டது. எங்களுக்கும் வந்தே தீருமா?

பதில்: தங்கச்சி, முதலில் தாத்தாவை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். அவர் வெற்றிலை போட்டாரா என்று கேட்கவே தேவையில்லை, அந்தக் காலத்து ஆட்களில் யார்தான் போடவில்லை? வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை, கன்னத்தில் அடக்கிக்கொண்டு மலைக்கு ஏறினால் மத்தியானம் வரைக்கும் அது அங்கேயே கிடக்கும். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோயே வாய்ப்புற்றுநோய்தான். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு போட்டாலும் வரும். (மாப்பிள்ளை வீட்டில் எத்தனை பேர் வெற்றிலை போடுகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?)

அம்மா, சித்தி கதை வேறு. இளவயதில் மார்பகம், கூடப்பிறந்தவருக்குச் சூலகம் என்று வந்தால் டாக்டர்மார் முதலில் சந்தேகப்படுவது பீஆர்சிஏ1, பீஆர்சிஏ2 என்ற இரண்டு பரம்பரையலகுகளை (ஜீன்களை). ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த அதே பரம்பரையலகுதான், ஒன்று 17ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது, மற்றது 13இல். இவை எல்லோருக்கும் இருப்பவை. கலத்துக்குள் டீஎன்ஏ அறுந்தால் சரிசெய்வது இவற்றின் வேலை. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாகப் பிறந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும், ஆனால் ஆயுளில் எப்போதாவது ஏதோ ஒரு கலத்தில் அந்த இரண்டாவதும் கெட்டுப்போனால்தான் வில்லங்கம் தொடங்குகிறது. சிலருக்கு அது நடப்பதே இல்லை. தேயிலையில் சில இனத்துக்குக் கொப்புள நோய் சட்டென்று பிடிக்கும், ஆனாலும் பனியும் மழையும் சேராவிட்டால் இலை சுத்தமாகத்தான் இருக்கும் இல்லையா, ஏறக்குறைய அப்படி.

அதற்காக ஆபத்தைக் குறைத்தும் சொல்ல மாட்டேன். பீஆர்சிஏ1 பழுதோடு பிறந்த பெண்கள் 100 பேரில் 60, 70 பேருக்கு ஆயுளுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது, சூலகத்தில் 40 பேர் அளவில். இதெல்லாம் பெரும்பாலும் மேற்கத்திய நாட்டுப் பெண்களிடம் எடுத்த கணக்கு. அம்மாவுக்கு அந்தப் பழுது இருந்திருந்தால் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண்பிள்ளைக்கும் அதே பாதிதான். அண்ணனோ தம்பியோ இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள், அவர் மூலமாக அவருடைய மகளுக்குப் போகலாம், அவருக்கே புரொஸ்டேட்டிலோ, அபூர்வமாக மார்பிலோ வரலாம்.

இன்னொன்று, மொத்தப் புற்றுநோயில் இப்படிப் பிறப்போடு வருவது 100க்கு 5 முதல் 10 வரைதான். ஆகவே உங்கள் வீட்டில் பழுது இருக்கிறது என்று நானும் சொல்ல முடியாது, லயமும் சொல்ல முடியாது, ரத்தத்தைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், பயந்தவர் முதலில் ஓடிப்போய்க் காசு கட்டிச் சோதிப்பார். முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை, அதாவது உங்கள் சித்தியை. அவரிடம் குறிப்பிட்ட ஒரு மாற்றம் தெரிந்தால் உங்களிடம் அதை மட்டும் தேடினால் போதும், அது உங்களிடம் இல்லையென்றால் மற்றப் பெண்களுக்கு இருக்கிற ஆபத்துதான் உங்களுக்கும். சித்தியை விட்டுவிட்டு உங்களை மட்டும் சோதித்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. சில நேரம் "மாற்றம் இருக்கிறது, கெட்டதா என்று தெரியவில்லை" என்றும் ரிப்போட் வரும், நம் மாதிரி ஆட்களிடம் ஆராய்ச்சி குறைவு என்பதால் இது நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. அதை வைத்து யாரும் ஒப்பரேஷனுக்குப் போகக் கூடாது.

பழுது உறுதியானால் செய்ய வழி இருக்கிறது. மார்பகத்துக்கு வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ., 30க்குப் பிறகு மெமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சேரும், பிள்ளை பெற்று முடிந்தபின் 35, 40 வயதில் சூலகத்தை எடுத்துவிடுவதும் உண்டு. சூலகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நல்ல பரிசோதனை இல்லை, அதனால்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை. சம்பளத் துண்டின் பின்பக்கம் போதும், அம்மம்மாவிலிருந்து தொடங்கி யாருக்கு எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று எழுதுங்கள், அப்பா பக்கத்தையும் விடாதீர்கள். "வயித்துல கட்டி" என்று யாரையாவது சொன்னால் அங்கேயே நில்லுங்கள், அது சூலகமா, ஈரலா, குடலா என்று அந்த வீட்டில் கிளினிக் கொப்பி இருக்கிறதா கேளுங்கள். குடலும் கருப்பையும் ஒரே குடும்பத்தில் வந்தால் அது லிஞ்ச் என்கிற வேறொரு பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், அதற்கு வேறு சோதனை.

அடுத்த கிளினிக் நாளில் சித்தியோடு நீங்களும் கண்டிக்கு பஸ் ஏறுங்கள். அம்மாவின் பழைய பயாப்ஸி (கட்டியில் துண்டெடுத்துச் சோதித்த) ரிப்போட் பெட்டியில் கிடந்தால் அதையும் இந்தத் துண்டையும் டாக்டரின் மேசையில் வைத்து, சித்திக்குப் பரம்பரையலகுச் சோதனை தேவையா என்று நேராகவே கேளுங்கள்.